மழைக்காலத்தில் சான்சிபார்: கடலுக்காகப் போகாதீர்கள், ஊருக்காகப் போங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவுக்கு டிக்கெட்டும் ரூமும் மலிவாகக் கிடைக்கிறதே, போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலக்கடல், வெள்ளை மணல், பவளப்பாறை நடுவே முக்குளித்து மீன் பார்ப்பது, இதெல்லாம்தான் உங்கள் மனத்தில் இருக்கிறது என்றால் போகாதீர்கள், ஜூன் கடைசி வரை பொறுத்திருங்கள். ஆனால் ஒரு பழைய துறைமுக ஊரை, அதன் சந்துகளை, சாப்பாட்டை, பக்கத்தில் இருக்கும் காட்டையும் கிராம்பு, ஏலக்காய்த் தோட்டங்களையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்றால் மழைக்காலத்தில் தாராளமாகப் போகலாம். நாங்கள் போனது ஏப்ரலில். மறுபடியும் ஏப்ரலில் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன், ஆனால் கடற்கரை விடுதியில் ஓர் இரவு கூடத் தங்க மாட்டேன். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

போனதற்குக் காரணம் அக்கா மகன். ஐஐடி மெட்ராஸ் வெளிநாட்டில் திறந்த முதல் வளாகம் சான்சிபாரில்தான் இருக்கிறது, 2023 நவம்பரில் தொடங்கி வைத்தார்கள், அவன் அங்கேதான் படிக்கிறான். "சித்தி, மழையில டூரிஸ்ட் எல்லாம் காலி ஆயிடுவாங்க, அப்ப வாங்க, ஊரை ஊரா பாக்கலாம்" என்று போனில் சொன்னான். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஜூலை, ஆகஸ்டில் போ என்றார்கள். அந்த மாதங்களின் ரூம் வாடகையைப் பார்த்த என் வீட்டுக்காரர், பையன் சொல்கிறபடியே போகலாம் என்று முடிவு செய்துவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து நேர் விமானம் கிடையாது. தோகா, துபாய், அடிஸ் அபாபா வழியாக மாறிப் போகலாம், அல்லது தான்சானியாவின் எதிர்க்கரை நகரமான தார் எஸ் சலாமில் இறங்கிக் கப்பலிலோ சின்ன விமானத்திலோ தாண்டலாம்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ரெயினி சீசன்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள், அங்கே மழைக்காலம் இரண்டு. மார்ச் நடுவில் பிடித்து மே வரை கொட்டுவது மசிகா, அதுதான் பெருமழை. நவம்பர், டிசம்பரில் வருவது வூலி, சிறுமழை. தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஆறு டிகிரியில் இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து காஸ்காசி காற்று வீசும், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தெற்கிலிருந்து கூசி. குஜராத்திலிருந்தும் ஓமானிலிருந்தும் பாய்மரக்கலங்கள் காஸ்காசியில் இறங்கி வந்து, கூசியைப் பிடித்துக்கொண்டு திரும்பியதால்தான் இந்த ஊரே உண்டானது. அந்தக் கூசி நிலநடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி, அரபிக்கடல் மேலே வந்து, ஜூனில் கேரளாவைத் தென்மேற்குப் பருவமழையாகத் தொடுகிறது. ஏப்ரலில் காஸ்காசி ஓய்ந்து கூசி இன்னும் முழுதாக நிலைகொள்ளாத இடைவெளியில்தான் மசிகா கொட்டித் தீர்க்கிறது. ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், சென்னைக்கு நவம்பர் எப்படியோ அங்கே ஏப்ரல் அப்படி.

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. ராத்திரி முழுக்கக் கொட்டிவிட்டுக் காலை பத்து மணிக்கு வெளுத்த நாட்கள் உண்டு. மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்து, மூன்று மணிக்கு வானம் கறுத்து, அரை மணி நேரம் எதிரில் இருப்பது தெரியாமல் பெய்துவிட்டு நின்ற நாட்கள் உண்டு. விடாமல் நாள் முழுக்கப் பெய்ததும் உண்டு, அன்றைக்கு எந்தத் திட்டமும் நடக்காது, ஒத்துக்கொண்டு உள்ளே உட்கார வேண்டியதுதான். புயல் பயம் பெரிதாக வேண்டாம், நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அபூர்வம். ஆனால் அறவே வராது என்றும் சொல்ல முடியாது: 1872 ஏப்ரலில் அடித்த புயல் இந்தத் தீவின் கிராம்பு மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது, 2024 மே மாதம் ஹிதாயா புயல் தெற்கே மாஃபியா தீவுப் பக்கம் கரையைத் தொட்டபோது தார் எஸ் சலாம் கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். அதனால் தார் எஸ் சலாமிலிருந்து ஊர் திரும்பும் விமானம் என்றால், கப்பலில் வந்து அதே நாளில் ஏறுகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள்.

சரி, ஸ்டோன் டவுனுக்கு வருகிறேன். நான் இவ்வளவு எழுத உட்கார்ந்ததே இந்த ஊருக்காகத்தான்.

சான்சிபார் நகரத்தின் பழைய பகுதி இது, 2000 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பவளக்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டிய இரண்டு, மூன்று மாடி வீடுகள். மேல்தளத்தைத் தாங்குவது கண்டல் (அலையாத்தி) மரக் கழிகள், அந்தக் கழி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம், அதனால் அறைகள் எல்லாம் ஒடுக்கமாக நீளவாக்கில் இருக்கும். சந்துகளில் கார் நுழையாது, எதிரே ஸ்கூட்டர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பெருமழை பிடித்தால் இந்தச் சந்துகளில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிடுகிறது. தகரக் கூரைகளிலிருந்து குழாய் வழியாக நேரே நடுச்சந்தில் கொட்டும். அப்போதுதான் அந்த வீட்டுத் திண்ணைகளின் இன்னொரு உபயோகம் தெரிந்தது. வாசலின் இரண்டு பக்கமும் சுவரோடு சேர்த்துக் கல்லால் கட்டிய திண்ணைகள், பராசா என்பார்கள். மற்ற நாட்களில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது, காய்கறி விற்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் அதில்தான். மழையில் அதுவே நடைபாதை. தோள்பையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்ட ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒரு திண்ணையிலிருந்து அடுத்த திண்ணைக்குத் தாவித் தாவிப் போனான், அவன் பின்னாலேயே நாங்களும் போனோம். ஒரு திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தாத்தா எங்களைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டு, கோப்பையைத் தூக்கி மடியில் வைத்து வழி விட்டார், கரிபு கரிபு (வாங்க வாங்க) என்று சொல்லிக்கொண்டே. மற்ற மாதங்களில் இந்தச் சந்துகளில் கூட்டமும், "டாக்சி வேண்டுமா, கைடு வேண்டுமா, படகு வேண்டுமா" என்று விடாமல் பின்னால் வருகிற புரோக்கர்களும் நடக்கவே விடமாட்டார்களாம். நாங்கள் இருந்தவரை அந்தத் தொல்லை மிகவும் குறைவு.

மழைக்காலம் இந்த வீடுகளுக்கு நல்லதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பவளக்கல் தண்ணீரை உறிஞ்சும், மேலே சுண்ணாம்புப் பூச்சு உரிந்துவிட்டால் சுவர் உள்ளேயே ஊறிப்போகும். எங்கே பார்த்தாலும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை வழிந்த சுவர்கள், முட்டுக் கொடுத்து நிறுத்திய வீடுகள். கடலைப் பார்த்து நிற்கும் பெரிய மாளிகை பெய்த் அல் அஜாய்ப், 1883 இல் சுல்தான் பர்காஷ் கட்டியது, 2020 டிசம்பர் 25 அன்று ஒரு பக்கம் இடிந்து விழுந்துவிட்டது. நாங்கள் போனபோதும் உள்ளே விடவில்லை, வெளியிலிருந்துதான் பார்த்தோம். இந்த ஊரைப் பார்க்க ஆசை இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள் என்பேன்.

கதவுகளை மழையில் பார்க்க வேண்டும். வெயிலில் வெளிறித் தெரிகிற மரம், நனைந்ததும் கருங்காலி நிறத்துக்கு வந்து, செதுக்கிய கொடியும் தாமரையும் தெளிவாக எழுந்து நிற்கின்றன. மேலே வளைவு வைத்த கதவுகள் இந்திய வணிகர்கள் வீட்டுடையவை, மேல்பக்கம் நேராக, சங்கிலி மாதிரி ஓரம் செதுக்கியவை அரபு வீடுகளுடையவை. பல கதவுகளில் பித்தளை முள் வரிசை வரிசையாக நிற்கும். ஹுருமுசி தெருவில் சிவசக்தி கோவில் ஒன்றும் உண்டு. மழை விட்ட ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தபோது கோவில் மணியும் மசூதி பாங்கும் அடுத்தடுத்துக் கேட்டன.

பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்தில் ஆங்கிலிகன் தேவாலயம் இருக்கிறது. 1873 இல் சந்தையை மூடினார்கள், அடிமைகளைக் கட்டி வைத்து அடித்த இடத்தில்தான் பலிபீடத்தை அமைத்தார்கள் என்று சொல்லிக் காட்டுகிறார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குக் கீழே, அடிமைகளை அடைத்து வைத்தார்கள் என்று சொல்லிக் காட்டும் இரண்டு தாழ்ந்த அறைகள். நிமிர முடியாது, நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் மேடை, காற்று வர ஒரு சின்னப் பொந்து. வெளியே, குழியொன்றில் கழுத்தில் சங்கிலியோடு நிற்கிற மனிதர்களைச் சிலையாகச் செய்து வைத்திருக்கிறார்கள், ஸ்வீடன் நாட்டுச் சிற்பி கிளாரா சோர்னஸ் செய்தது. கூட்டம் இருந்தால் இந்த அறைகளில் வரிசையில் நின்று, எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வர வேண்டியிருக்கும். நாங்கள் மூவரும் கைடும் மட்டும்தான் இருந்தோம். கைடு பேசுவதை நிறுத்திய பிறகும் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. இந்தத் தீவின் கிராம்புத் தோட்டங்கள் யாருடைய உழைப்பில் உண்டானவை என்று இங்கே தெரிந்துகொண்டு அதன் பிறகு தோட்டத்துக்குப் போங்கள், முதலில் இதைப் பாருங்கள்.

சாப்பாடு. ஊரோஜோ என்று ஒன்று, சான்சிபார் மிக்ஸ் என்றும் எழுதி வைத்திருப்பார்கள். மழை நாளில் அதைச் சாப்பிடுவதற்கென்றே போகலாம். மாவு கரைத்துக் காய்ச்சி, மாங்காயும் எலுமிச்சையும் சேர்த்த மஞ்சள் நிறச் சாறு, பார்த்தால் மோர்க்குழம்பு மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் சுள்ளென்று புளிக்கும். கிண்ணத்தில் வெந்த உருளைக்கிழங்கை உடைத்துப் போட்டு, பஜியா நாலு, உருண்டைக் கச்சோரி ஒன்று, மேலே அந்தச் சாறு, அப்புறம் தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி, மிளகாய்த் துவையல் கொஞ்சம், கடைசியில் கைநிறைய மரவள்ளிக்கிழங்குச் சீவல் மொறுமொறுவென்று. கறி வேண்டுபவர்களுக்குக் கம்பியில் சுட்ட மாட்டிறைச்சித் துண்டும் அவித்த முட்டையும் சேர்ப்பார்கள். சீவல் ஊறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் வீட்டு வாசல்களில் ஒரு மேஜை போட்டு விற்கிற பெண்களிடம்தான் நன்றாக இருந்தது, நூற்றைம்பது ரூபாய்க்குள் வயிறு நிறைந்துவிடும். ஒரு ரூபாய்க்குச் சுமார் 30 ஷில்லிங் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சைவம், அதனால் சைவக்காரர்களுக்காகவும் விசாரித்துக்கொண்டே இருந்தேன். ஊரோஜோவில் "கறி வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று சொன்னால் போதும். தேங்காய்ப் பாலில் வேகவைத்த பீன்ஸ், அதே மாதிரி தேங்காய்ப் பாலில் செய்த கீரை, சப்பாத்தி, எல்லாச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது. சப்பாத்தி என்று அவர்கள் தருவது அடுக்கடுக்காக, எண்ணெய் விட்டுச் சுட்டது, பரோட்டாவுக்குப் பக்கத்தில் நிற்கும். லுக்மான் என்ற ஹோட்டல், பெரிய பாவோபாப் மரத்தின் அடியில், உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்தே சாப்பிடுகிற இடம். மெனு பார்த்துக் குழம்ப வேண்டாம், வரிசையாக வைத்திருக்கிற பாத்திரங்களைப் பார்த்துக் கை காட்டினால் தட்டில் போடுவார்கள். தேங்காய்ப் பாலில் செய்த ஆக்டோபஸ் குழம்பும் பிலாவ் சோறும் நானும் பையனும் போட்டி போட்டுச் சாப்பிட்டோம். மழையில் டேபிள் கிடைப்பதும் சுலபமாக இருந்தது.

எல்லோரும் சொல்கிற ஃபொரோதானி பூங்கா ராத்திரிக் கடைகளில்தான் ஏமாற்றம். கடல் ஓரத் திறந்தவெளி, சாயங்காலம் மழை என்றால் பாதிக் கடை போடுவதே இல்லை, போட்டவையும் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே. மெல்லிசாக இழுத்த மாவில் கொத்துக்கறி, முட்டை, வெங்காயம், சீஸ் வைத்து மடித்துத் தவாவில் போடுகிற சான்சிபார் பிட்சா சூடாகக் கிடைத்தால் சாப்பிடுங்கள். காலையிலிருந்து திரும்பத் திரும்பச் சூடாக்கிய மீன், இறால் கம்பிகளைத் தொடாதீர்கள், வாடிக்கையாளர் குறைவான காலத்தில் அது எந்த நாள் சரக்கு என்று சொல்ல முடியாது. கரும்புச் சாற்றில் ஐஸ் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் சீல் வைத்த பாட்டில் மட்டும், மழைக்காலத்தில் இதில் சலுகையே கூடாது.

தோட்டத்துக்குப் போவதென்றால் கிசிம்பானி, கிதிச்சிப் பக்கம், ஊரிலிருந்து அரை மணி நேரம். நமக்கு மிளகும் ஏலக்காயும் புதிதா என்று நினைத்துத்தான் போனோம். அஞ்சறைப்பெட்டியில் இருப்பதை மரத்தில் பார்ப்பது வேறு. மழையில் நனைந்த ஜாதிக்காய் மரத்தடியில் கைடு ஒரு காயைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தார். உள்ளே பளபளவென்று கரும்பழுப்புக் கொட்டை, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னிய மாதிரி ஜாதிபத்திரி. காய்ந்து மஞ்சளாகக் கடையில் வருவதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன், இந்தச் சிவப்பை இப்போதுதான் பார்த்தேன். பட்டை மரத்தின் வேரைக் கீறி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார், பட்டை வாசனையே இல்லை, கற்பூர நெடி. மழை ஈரத்தில் இந்த வாசனைகள் எல்லாம் தோட்டம் முழுக்க நிற்கின்றன. சேறு முழங்கால் வரை ஏறும், ரப்பர் செருப்பு வழுக்கும், பின்பட்டி வைத்த செருப்பு போட்டுப் போங்கள். கடைசியில் ஒரு பையனைத் தென்னை மரம் ஏறிப் பாட்டுப் பாடிக் காட்டச் சொல்வார்கள், அது அந்தச் சுற்றுலாவின் வழக்கம். மரம் நனைந்து பாசி பிடித்திருந்தது, வேண்டாம் என்று சொல்லி அந்தப் பணத்தைக் கையில் கொடுத்தோம். நீங்களும் மழையில் ஏறச் சொல்லாதீர்கள். மசாலா வாங்குவதைத் தோட்டத்தில் செய்யாமல் ஊருக்குள் தாராஜானி மார்க்கெட்டில் செய்தால் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது.

ஜோசானி காடு இன்னும் எனக்குப் பிடித்தது. சான்சிபாருக்கு வெளியே உலகத்தில் வேறெங்கும் இல்லாத சான்சிபார் சிவப்புக் கொலோபஸ் குரங்குகள் இங்கே இருக்கின்றன, முதுகு செங்கல் நிறம், முகம் கறுப்பு, நெற்றியில் வெள்ளை மயிர் கலைந்து நிற்கும். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தபோது ஒரு கிளையில் நாலைந்து குரங்குகள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு, குட்டியை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தன. நாம் இரண்டடி தள்ளி நின்றாலும் அவை கண்டுகொள்வதில்லை, அதற்காகக் கிட்டே போகாதீர்கள், கைடு சொல்கிற தூரத்தில் நில்லுங்கள். மாவிலை, நாட்டு வாதுமை இலை எல்லாம் தின்பதால் உண்டாகும் கோளாறுக்கு மருந்தாக இந்தக் குரங்குகள் அடுப்புக் கரியை எடுத்துத் தின்னும் என்று கைடு சொன்னார், ஆராய்ச்சியாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் மேலேயே இருக்கிற காடு என்பதால் மசிகாவில் சில பாதைகளில் தண்ணீர் நிற்கும். கண்டல் காட்டுக்குள் போட்ட மரப்பாலத்தில் நடப்பதற்கு, கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், இறக்கத்தில் வெறும் சேறுதான் தெரியும். கொசு மருந்தைக் கை கால் முழுக்கத் தடவாமல் இந்தக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

இப்போது கடற்கரை. கிழக்குக் கரையில் ஒரு விடுதி, பெயர் வேண்டாம், இணையத்தில் போட்டோ எல்லாம் கண்ணைப் பறிக்கும், பாதி விலை என்று போட்டிருந்தார்கள். போய் இறங்கினால் நீச்சல் குளம் காலி, பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹோட்டல் கிச்சன் காலை டிபனோடு மூடிவிடும், ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சேற்றுப் பாதையில் டார்ச் அடித்துக்கொண்டு வேறு இடம் தேட வேண்டும். கரன்ட் போனால் ஜெனரேட்டர் ராத்திரி பத்து மணி வரைதான். இதில் ஒன்றைக் கூட புக்கிங்கில் சொல்லவில்லை, கேட்டால் "லோ சீசன் மேடம்" என்கிறார்கள். லோ சீசன் என்பதற்காக விலையைக் குறைப்பது சரி, என்னென்ன இருக்காது என்று முன்னாலேயே எழுத வேண்டாமா? ஏப்ரல், மே மாதங்களில் கிழக்குக் கரையில் நிறைய விடுதிகள் பராமரிப்புக்காக மூடியே விடுகின்றன, அது நேர்மையான வழி. திறந்திருக்கிற விடுதி என்றால் குளம், கிச்சன், ஜெனரேட்டர் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

கடலும் அப்படித்தான். பாஜே, ஜம்பியானி பக்கம் கடல் இறங்கினால் ஒரு கிலோமீட்டர் வரை உள்ளே போய்விடும், இது எல்லாக் காலத்திலும் உள்ளது. அந்த நேரத்தில் பெண்கள் இறங்கிப் போய்க் கயிற்றில் கட்டி வளர்க்கும் கடற்பாசியைப் பார்ப்பது நல்ல அனுபவம், தூறலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்கிறார்கள். ஆனால் குளிக்க, கடல் ஏறும் வரை காத்திருக்க வேண்டும், ஏறும்போது பார்த்து மழை வரும். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, கலங்கல்தான் பிரச்சினை. ம்னெம்பா தீவுப் பக்கம் மீன் பார்க்கக் கூட்டிப் போன ஏஜென்ட் முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார். காலையில் வானம் கறுத்திருந்தது, நாளைக்கு மாற்றுங்கள் என்றோம், மாட்டேன் என்றார். தண்ணீருக்குள் எட்டி நீட்டிய கையே மங்கலாகத் தெரிந்தது. முன்பணம் கொஞ்சம் மட்டும் கொடுங்கள், மழை என்றால் தேதி மாற்றுவீர்களா என்று முதலில் கேளுங்கள், தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். கடல் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வடக்கே நுங்குவி, கெண்ட்வாவுக்குப் பகலில் போய்விட்டுத் திரும்புங்கள், அங்கே கடல் இவ்வளவு தூரம் இறங்காது, கடைகளும் அதிகம் திறந்திருக்கின்றன.

செலவுக் கணக்கில் இவற்றை மறக்காதீர்கள். இந்தியர்களுக்கு தான்சானியா இ-விசா 50 டாலர். அதைத் தவிர 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபாருக்குள் வருகிற வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அங்குள்ள அரசுக் காப்பீட்டை எடுத்தாக வேண்டும், பெரியவர்களுக்கு 44 டாலர், நீங்கள் இங்கே எடுத்த பயணக் காப்பீடு இதற்குச் செல்லாது. ஆன்லைனில் முன்பே கட்டிவிட்டால் விமான நிலையத்தில் நிற்க வேண்டாம். விடுதிக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்குச் சில டாலர் வரியும் கேட்பார்கள், விலையில் சேர்ந்ததா என்று பாருங்கள். ஏறக்குறைய ஊர் முழுக்க முஸ்லிம்கள், தோளும் முழங்காலும் மறைகிற உடை போடுவது மரியாதை, நம் ஊர் சல்வாரும் பருத்திச் சேலையும் ரொம்ப வசதி. ரமலான் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், மார்ச் பயணம் என்றால் தேதியைப் பாருங்கள், நோன்பு நாட்களில் பகலில் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும்.

ஸ்டோன் டவுனில் ரூம் எடுக்கும்போது தரைத்தளம் வேண்டாம் என்று சொல்லுங்கள், சுவரில் ஈரம் ஏறி மெத்தை வரை நாற்றம் வரும். முதல் மாடி, இரண்டாம் மாடி, சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல், ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதா என்று பார்த்து எடுங்கள். துணி காயாது, அதனால் சீக்கிரம் உலர்கிற துணியாக எடுத்துப் போங்கள், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

நடக்க முடியாத பெரியவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு மசிகாவில் போகச் சொல்ல மாட்டேன், அந்தச் சந்துகளும் சேறும் அவர்களுக்கு ஆகாது. தேனிலவுக்காரர்களுக்கும் சொல்ல மாட்டேன். கடலும் வேண்டும், கூட்டமும் விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பவர்கள் நவம்பர் வூலியைப் பாருங்கள், அது ஒரு மணி நேரம் பெய்து விட்டுவிடுகிற மழை, கடற்கரை விடுதிகளும் திறந்திருக்கும் என்று அக்கா மகன் சொல்கிறான்.